மசாஜ் சிகிச்சை: எந்த வலிக்கு நல்லது, எப்போது கூடாது?

'மசாஜ்' என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம். நகரங்களில் அந்தப் பெயரில் நடக்கும் சில தொழில்களே அதற்குக் காரணம். ஆனால் அதே வேலை வேறு பெயர்களில் நம் வீடுகளில் அன்றாடம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. இஷா முடித்து வந்து படுத்த பெரியவருக்குப் பேரன் கால் பிடித்துவிடுகிறான். பிள்ளை பெற்ற மகளுக்கு உம்மா எண்ணெய் தேய்த்துவிடுகிறார். கைக்குழந்தையை நீட்டிய கால்களில் கிடத்தி மூத்தம்மா உருவிவிடுகிறார். சுளுக்கு விழுந்தால் ஊரில் கைராசிக்காரர் ஒருவரைத் தேடிப் போகிறோம்.

இவை எல்லாமே மசாஜ்தான். முறையாகச் செய்தால் வலியைக் குறைக்கும், உறக்கத்தைத் தரும், நோயாளியின் மனதைத் தேற்றும். ஆனால் செய்யக் கூடாத நேரத்தில் செய்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். ஆகவே எந்த வலிக்குக் கை வைக்கலாம், எந்த வலிக்குக் கை வைக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பது ஒவ்வொரு வீட்டிலும் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அதைத் தொகுத்துத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் வரலாறும்

'மசாஜ்' என்பது பிரெஞ்சு மொழி வழியாக உலகெங்கும் பரவிய சொல். 'தொடுதல்' என்று பொருள்படும் 'மஸ்ஸ' என்ற அரபுச் சொல்லிலிருந்து அது வந்தது என்று சிலர் கூறுவர். 'பிசைதல்' என்று பொருள்படும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது என்று வேறு சிலர் கூறுவர். அரபு மருத்துவ நூல்களில் இதற்கு வழங்கும் பெயர் 'தல்க்'. தேய்த்தல் என்று பொருள்.

மருத்துவ மேதை இப்னு சீனா (980–1037) 'அல்கானூன் ஃபித் திப்' என்ற தம் பெருநூலின் முதல் பகுதியிலேயே, உடல்நலத்தைப் பேணும் வழிகளைக் கூறும் இடத்தில், உடற்பயிற்சியோடும் குளியலோடும் சேர்த்து தல்க்கைப் பற்றி எழுதியுள்ளார். அழுத்தமாகத் தேய்ப்பது உடலை இறுக்கும். மென்மையாகத் தேய்ப்பது தளர்த்தும். அளவுக்கு மேல் தேய்த்தால் உடல் மெலியும். நடுத்தரமாகத் தேய்த்தால் வளரும் என்று அவர் வகைப்படுத்துகிறார். முரட்டுத் துணியால் தேய்ப்பது, மெல்லிய துணியாலோ வெறுங்கையாலோ தேய்ப்பது ஆகியவற்றின் விளைவுகளையும் பிரித்துச் சொல்கிறார். உடற்பயிற்சிக்கு முன் உடலை ஆயத்தப்படுத்தத் தேய்ப்பது 'தல்க் அல்இஸ்திஃதாத்'. பயிற்சிக்குப் பின் களைப்பு நீங்கத் தேய்ப்பது 'தல்க் அல்இஸ்திர்தாத்'. இன்றைய விளையாட்டு வீரர்களும் பந்தயத்துக்கு முன்னும் பின்னும் இதையே செய்துகொள்கிறார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, எல்லோருக்கும் ஒரே மாதிரித் தேய்க்கச் சொல்லவில்லை என்பதே. மருந்துக்கு அளவு இருப்பது போலத் தேய்ப்பதற்கும் அளவு உண்டு என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். யுனானி மருத்துவத்தில் 'இலாஜ் பித் தத்பீர்' எனப்படும் மருந்தில்லா சிகிச்சைப் பிரிவில், ஹிஜாமா, ஹம்மாம், உடற்பயிற்சி ஆகியவற்றோடு தல்க் இன்றும் இடம்பெற்றுள்ளது.

நம் மண்ணின் சித்த மருத்துவத்தில் இதற்குத் 'தொக்கணம்' என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று அதில் ஒன்பது வகைகள் உண்டு. ஐரோப்பாவில் சுவீடன் நாட்டின் பெர் ஹென்ரிக் லிங் 1813-ல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக் கழகம் ஒன்றைத் தொடங்கினார். 'ஸ்வீடிஷ் மசாஜ்' என்று இன்று சொல்லப்படும் முறையோடு அவர் பெயர் இணைத்துப் பேசப்பட்டாலும், அதன் கை அசைவுகளை வகைப்படுத்தியவர் டச்சு மருத்துவர் யோஹான் மெஸ்கர். நீவுதல், பிசைதல், அழுந்தத் தேய்த்தல், தட்டுதல், அதிர்வூட்டுதல் ஆகிய ஐந்தும் அம்முறையின் அடிப்படை அசைவுகள்.

உடலில் என்ன நடக்கிறது?

குழந்தை எங்காவது முட்டிக்கொண்டால் உடனே அந்த இடத்தைத் தேய்த்துவிடுகிறோம். வலி சற்றுக் குறைகிறது. இதற்கான விளக்கத்தை 1965-ல் மெல்ஸாக், வால் என்ற இரு அறிவியலாளர்கள் முன்வைத்தார்கள். தொடு உணர்வைக் கொண்டு செல்லும் நரம்புகள் தூண்டப்படும்போது, தண்டுவடத்தில் ஒரு கதவு சாத்தப்படுவது போல வலிச் செய்தி மூளைக்குச் செல்வது தடைபடுகிறது என்பது அவர்கள் கூறியது.

இரண்டாவதாக, இதமான தொடுதல் உடலை ஓய்வு நிலைக்குக் கொண்டு வருகிறது. இதயத் துடிப்பு சற்றுக் குறைகிறது, மூச்சு சீராகிறது, இறுகிய தசை தளர்கிறது. மூன்றாவதாக, தேய்த்த இடத்தில் சூடு பரவி அந்தப் பகுதி இலகுவாகிறது.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். 11 இளைஞர்களைக் கடுமையாக உடற்பயிற்சி செய்ய வைத்து, ஒரு காலுக்கு மட்டும் மசாஜ் செய்து, இரு கால்களிலிருந்தும் சிறு தசைத் துணுக்குகளை எடுத்துச் சோதித்தார்கள். மசாஜ் செய்த காலில் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகள் குறைந்திருந்தன. ஆனால் பலரும் நம்புவது போல் லாக்டிக் அமிலம் வெளியேறியதற்கு எந்த அடையாளமும் இல்லை. பயன் உண்மை, அதற்குச் சொல்லப்பட்டு வந்த காரணம்தான் சரியில்லை.

ஆய்வுகள் ஒப்புக்கொள்ளும் பயன்கள்

*இடுப்பு வலி:* 2020-ல் உலகில் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. புதிதாக வந்த இடுப்பு வலிக்கு, மாத்திரைக்கு முன் முயன்று பார்க்க வேண்டியவற்றில் ஒத்தடத்தோடு மசாஜையும் சேர்த்து 2017-ல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி பரிந்துரைத்தது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டியிலும் மசாஜுக்கு இடம் உண்டு. அதே வேளையில், 25 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் 2015-ஆம் ஆண்டு அறிக்கை, நிவாரணம் குறுகிய காலத்துக்கே என்றும் சான்றுகளின் வலு குறைவு என்றும் கூறியது. ஆகவே மசாஜ் வலியைத் தணித்து எழுந்து நடக்க உதவும். வலி திரும்பாமல் இருக்க உடற்பயிற்சியும் நடையும்தான் வேண்டும்.

*மூட்டுத் தேய்மான வலி:* நம் பெரியவர்கள் பலர் நாற்காலியில் அமர்ந்து தொழும் நிலைக்கு வருவது முழங்கால் வலியால்தான். 222 பேரிடம் நடத்தி 2018-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், வாரம் ஒரு மணி நேரம் வீதம் எட்டு வாரம் மசாஜ் பெற்றவர்களுக்கு வலியும் விறைப்பும் மற்றவர்களைவிட நன்றாகக் குறைந்தன. ஆனால் ஓராண்டு முடிவில் மற்றவர்களுக்கும் அவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. தேய்ந்த மூட்டை மசாஜ் மாற்றிவிடாது. மூட்டைச் சுற்றி இறுகிய தசைகளைத் தளர்த்தி வலியைக் குறைக்கும்.

*கவலை, பதற்றம்:* 37 ஆய்வுகளைத் தொகுத்து 2004-ல் வெளியான ஆய்வு, ஒருமுறை மசாஜ் செய்தாலே அந்த நேரத்துப் பதற்றமும் இரத்த அழுத்தமும் சற்றுக் குறைவதாகவும், தொடர்ந்து செய்யும்போது மனச்சோர்வும் குறைவதாகவும் கூறியது.

*புற்றுநோயாளிகளின் வேதனை:* நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில் 1,290 நோயாளிகளிடம் மசாஜுக்கு முன்னும் பின்னும் கேட்டறிந்து 2004-ல் வெளியிட்டார்கள். வலி, களைப்பு, குமட்டல், பதற்றம் போன்ற தொல்லைகளின் அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததாக நோயாளிகள் தெரிவித்தார்கள். இது நோயைக் குணப்படுத்தாது. கட்டி உள்ள இடத்தை அழுத்தவும் கூடாது. ஆனால் படுக்கையில் இருப்பவரின் கையையும் பாதத்தையும் மெல்ல நீவிவிடுவது அவருக்குப் பேருதவி. நோயாளியை நலம் விசாரிக்கப் போகும் நாம் பழங்களை வைத்துவிட்டு எழுந்து வருவதோடு நிற்காமல் இதையும் செய்யலாம்.

*குறைமாதக் குழந்தைகள்:* அமெரிக்காவின் டிஃபனி ஃபீல்டு குழுவினர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனையில் இருந்த குறைமாதக் குழந்தைகளுக்கு நாளைக்கு மூன்று முறை, முறைக்கு 15 நிமிடம் வீதம் 10 நாட்கள் மென்மையாக நீவிவிட்டார்கள். அதே அளவு பால் குடித்தும், மற்றக் குழந்தைகளைவிட இவர்களுக்கு நாள்தோறும் 47 சதவீதம் அதிக எடை கூடியது.

ஆதாரமில்லாத நம்பிக்கைகள்

மசாஜ் கொழுப்பைக் கரைக்காது. உடலில் உள்ள 'நச்சை' வெளியேற்றாது. அந்த வேலையை ஈரலும் சிறுநீரகமும் செய்கின்றன. சர்க்கரை நோயையோ இரத்தக் கொதிப்பையோ குணமாக்காது. அவற்றுக்கான மாத்திரையை நிறுத்தவும் கூடாது. விலகிய தண்டுவடத் தட்டைக் கையால் தள்ளி உள்ளே பொருத்த முடியாது. குழந்தையின் மூக்கைப் பிடித்து இழுத்தால் மூக்கு எடுப்பாகாது. தேய்ப்பதால் நிறம் மாறாது. 'எல்லா நோய்க்கும் ஒரே மசாஜ்' என்று விளம்பரம் செய்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

தாயின் கையும் ஓர் இறப்பும்

2016-ல் தில்லியில் நடந்த ஒரு நிகழ்வை மருத்துவச் சட்ட இதழ் ஒன்று பதிவு செய்தது. 23 வயது இளைஞர் ஒருவர் பூப்பந்து விளையாடும்போது கணுக்காலில் அடிபட்டு, மாவுக்கட்டுப் போட்டிருந்தார். கட்டைப் பிரித்த பிறகும் காலில் வலியும் வீக்கமும் இருந்தன. மகன் படும் வேதனை தாங்காமல் தாய் அவரது காலில் எண்ணெய் தேய்த்து உருவிவிட்டார். சிறிது நேரத்தில் மகன் மயங்கி விழுந்தார். மருத்துவமனைக்குக் கொண்டு சென்றும் காப்பாற்ற முடியவில்லை.

அசையாமல் இருந்த காலின் ஆழத்து இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து கட்டியாகியிருந்தது. உருவியதில் அந்தக் கட்டி இடம்பெயர்ந்து, நுரையீரலுக்குச் செல்லும் குழாயை அடைத்துவிட்டது. அந்தத் தாய் செய்ததில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. நம் வீட்டிலும் எந்தத் தாயும் அதையே செய்திருப்பார். அதனால்தான் இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

இந்த இரத்த உறைவின் அடையாளங்களை மனதில் வையுங்கள். பெரும்பாலும் ஒரே காலில் வீக்கம், கெண்டைக்காலில் வலி, தொட்டால் சூடு, தோல் சிவத்தல். மாவுக்கட்டு, அறுவைச் சிகிச்சை, பிரசவம், நீண்ட நாள் படுக்கை, புற்றுநோய், பல மணி நேர விமானப் பயணம் ஆகியவற்றுக்குப் பின் இது வரலாம். உம்ராவோ ஹஜ்ஜோ முடித்து ஊர் திரும்பிய பெரியவருக்கு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், 'நடந்த களைப்பு' என்று உருவிவிடாதீர்கள். மருத்துவரிடம் காட்டி ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்.

கை வைக்கக் கூடாத நேரங்கள்

1. *நெஞ்சு வலி:* நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை இருந்தால் 'வாய்வுப் பிடிப்பு' என்று தைலம் தேய்த்துக்கொண்டு காலம் கடத்தக் கூடாது. மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

2. *திடீர்ப் பக்கவாதம்:* வாய் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறல் தெரிந்தால் எண்ணெய் தேடாதீர்கள். உறைவைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதுவும் எவ்வளவு விரைவோ அவ்வளவு நல்லது.

3. *விழுந்த பின் வீக்கம்:* எலும்பு முறிந்திருக்கலாம். எக்ஸ்ரே எடுக்காமல் உருவக் கூடாது. குறிப்பாகக் குழந்தைகளுக்கு முழங்கையில் அடிபட்டால் தேய்க்கவே கூடாது. காயப்பட்ட தசைக்குள் எலும்பு வளர்ந்து கை மடக்க முடியாமல் போனவர்கள் உண்டு.

4. *கடும் வயிற்று வலி:* குடல்வால் அழற்சியாக இருக்கலாம். வயிற்றை அழுத்தித் தேய்ப்பது ஆபத்து.

5. *காய்ச்சல், தோலில் புண், கொப்புளம், சீழ், கொதிக்கும் வீக்கம்:* இவை ஆறும் வரை வேண்டாம்.

6. *இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள்:* மருத்துவரைக் கேட்காமல் அழுத்தமான மசாஜ் கூடாது. மென்மையாக நீவுவது மட்டும் போதும்.

7. *கழுத்தை நெட்டி முறித்தல்:* முடிதிருத்தும் கடையில் தலையைப் பிடித்துத் திடீரென்று திருப்புவதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வரக்கூடும். நம் பிள்ளைகளிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

கைக்குழந்தைக்கு

குழந்தையைத் தேய்த்துக் குளிப்பாட்டுவது நல்ல பழக்கம். அதில் சில வழக்கங்களை மட்டும் விட்டுவிட வேண்டும்.

மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும். குழந்தைக்குச் சளி என்று மாதக்கணக்கில் மருந்து கொடுத்தும் தீராமல், கடைசியில் எண்ணெய்தான் காரணம் என்று தெரியவரும்.

பிறந்த குழந்தையின் மார்பு சற்று வீங்கியிருப்பது தாயின் ஹார்மோனால் வருவது. தானே வற்றிவிடும். 'பால் எடுக்கிறேன்' என்று பிதுக்கினால் சீழ் கட்டும்.

ஓயாமல் அழும் குழந்தைக்கு 'உரம் விழுந்துவிட்டது' என்று சேலையில் போட்டு உருட்டுவதும், 'குடல் ஏறிவிட்டது' என்று வயிற்றை அழுத்துவதும் வேண்டாம். காதுவலி, குடல் செருகல், மூளைக்காய்ச்சல் போன்றவையும் இப்படித்தான் தொடங்கும். பால் குடிக்க மறுப்பது, பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், காய்ச்சல், துவண்டு கிடப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நேராக மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

எந்த எண்ணெய்? நம் ஊர்த் தேங்காயெண்ணெய் பொருத்தமானது. சூரியகாந்தி எண்ணெயும் நல்லது. டாக்கா குழந்தைகள் மருத்துவமனையில் நடந்து 2005-ல் வெளியான ஆய்வில், சூரியகாந்தி எண்ணெய் தடவப்பட்ட குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவமனைத் தொற்றுகள் 41 சதவீதம் குறைந்தன. ஸைத்தூன் எண்ணெயின் சிறப்பை நாம் அறிவோம். உண்ணவும் பெரியவர்கள் தடவிக்கொள்ளவும் அது நல்லதே. ஆனால் தோலின் மேலடுக்கை அது சற்றுத் தளர்த்துவதாக ஆய்வுகள் கூறுவதால், பிறந்த குழந்தைக்கும் வறண்டு தடிக்கும் தோல் உள்ள குழந்தைக்கும் அதைத் தவிர்ப்பது நல்லது.

பிள்ளை பெற்றவருக்கு

நாற்பது நாள் பராமரிப்பில் எண்ணெய் தேய்ப்பதற்கு முக்கிய இடம் உண்டு. முதுகு, தோள், பாதம் ஆகியவற்றை இதமாகப் பிடித்துவிடுவது தூக்கமில்லாத தாய்க்கு நல்ல ஓய்வு. ஆனால் பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்கள்தான் காலில் இரத்தம் உறையும் வாய்ப்பு மிகுந்த காலம். ஆகவே கெண்டைக்காலை அழுத்திப் பிசையக் கூடாது. சிசேரியன் செய்தவருக்குத் தழும்பு ஆறும் வரை வயிற்றைத் தேய்க்கவோ இறுக்கிக் கட்டவோ மருத்துவரைக் கேட்காமல் முற்படாதீர்கள். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுவதும் தேவையில்லாதது.

கர்ப்பிணியின் வயிற்றை உருவிப் 'பிள்ளையைத் திருப்பும்' பழக்கம் சில ஊர்களில் இன்னும் உள்ளது. அது தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. மகப்பேறு மருத்துவர் மருத்துவமனையில் செய்ய வேண்டியதை வீட்டில் செய்யக் கூடாது.

முதியோருக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும்

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறியது. சர்க்கரை நோய் நாள்பட்டால் பாதத்தின் உணர்வு மங்கிவிடும். சூடான எண்ணெய் தடவினாலும், தோல் வெந்துபோனாலும் அவருக்குத் தெரியாது.

ஆகவே அத்தாவுக்குக் கால் பிடித்துவிடுமுன் நல்ல வெளிச்சத்தில் பாதத்தைப் பாருங்கள். விரல் இடுக்குகளில் புண், வெடிப்பு, கொப்புளம், நிறமாற்றம் இருக்கிறதா என்று கவனியுங்கள். எதுவும் இல்லையென்றால், சூடாக்காத எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி மென்மையாக நீவுங்கள். விரல் இடுக்கில் எண்ணெய் தங்கவிடாமல் துடைத்துவிடுங்கள். வாரம் இரண்டு முறை இப்படிச் செய்தால், புண்ணைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்துக் காலைக் காப்பாற்ற முடியும். பிடித்துவிடுவதைவிடப் பெரிய பயன் இதுதான்.

பக்கவாதம் வந்தவருக்கு மசாஜ் விறைப்பைத் தளர்த்தும். ஆனால் கை கால் திரும்ப இயங்குவது பிஸியோதெரபி பயிற்சியால்தான். தளர்ந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள் மூட்டு நழுவிவிடும்.

வீட்டில் செய்யும் முறை

- சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். நகத்தை வெட்டி, மோதிரத்தைக் கழற்றி, கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.
- எண்ணெயைச் சூடாக்கினால் முதலில் உங்கள் மணிக்கட்டில் ஊற்றிப் பாருங்கள்.
- முதலில் நீவுதல், பிறகு பிசைதல், முடிவில் மீண்டும் நீவுதல். கை கால்களில் பாதத்திலிருந்தும் விரலிலிருந்தும் இதயத்தை நோக்கி நீவுங்கள்.
- சதையின் மேல் அழுத்துங்கள். முதுகெலும்பின் மேலும், மூட்டின் மேலும், முழங்காலின் பின்குழியிலும், கழுத்தின் முன்பக்கத்திலும் அழுத்தாதீர்கள்.
- ஓர் இடத்துக்கு 10 முதல் 15 நிமிடம் போதும். 'இதமாக இருக்கிறதா?' என்று கேட்டுக்கொண்டே செய்யுங்கள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டாலோ உடலை இறுக்கினாலோ அழுத்தம் அதிகம் என்று பொருள்.
- மரத்துப்போதல், சுளீர் என்று நரம்பில் பாயும் வலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்துங்கள்.
- முடிந்ததும் பாதத்து எண்ணெயைத் துணியால் நன்கு துடைத்த பிறகே எழவிடுங்கள். எண்ணெய்க் காலோடு உளூச் செய்யப் போய் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அந்த வயதில் அது பெரும் சோதனையாகிவிடும்.

மூன்று வாரத்துக்கு மேலும் குறையாத வலி, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, எடை குறைவோடு வரும் வலி, கால் மரத்துச் சிறுநீர் கட்டுப்படாமல் போகும் இடுப்பு வலி ஆகியவை மசாஜுக்கு உரியவை அல்ல. இவற்றில் கடைசியாகச் சொன்னதற்கு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

யாரிடம் செய்துகொள்வது?

பிஸியோதெரபி பட்டம் பெற்றவர், யுனானியில் பி.யூ.எம்.எஸ்., சித்த மருத்துவத்தில் பி.எஸ்.எம்.எஸ். படித்தவர், அல்லது அவர்களின் மேற்பார்வையில் பயிற்சி பெற்றவர் ஆகியோரை நாடுங்கள். சென்னை அரும்பாக்கத்தில் அரசு யுனானி மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. நல்ல சிகிச்சையாளர் கை வைக்குமுன் கேட்பார்: என்ன நோய், என்ன மருந்து, எப்போது அறுவைச் சிகிச்சை நடந்தது என்று. கேட்காமலே தொடங்குபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

மார்க்க வரம்புகள்

மருத்துவம் செய்துகொள்வது அனுமதிக்கப்பட்டது. அதில் வெட்க உறுப்புகளைப் பேணுவது கடமை. ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பதே முதல் விதி. ஆண் ஆணிடமும், பெண் பெண்ணிடமும் தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட பகுதியை மறைத்துக்கொள்ள வேண்டும். முழங்காலும் அவ்ரத்தில் சேரும் என்பது ஹனஃபி மத்ஹபின் கருத்து. சேராது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்து. மருத்துவத் தேவைக்காக அப்பகுதியைத் தொட வேண்டியிருந்தால், தேவையான இடத்தை மட்டும், தேவையான அளவுக்கு மட்டும். துணியின் மேலாகச் செய்ய முடிந்தால் அதுவே போதும். அதே பாலினத்தில் தகுதியானவர் கிடைக்காமல், சிகிச்சை அவசியமாகவும் இருந்தால், மஹ்ரமான ஒருவர் உடனிருக்கச் செய்துகொள்ளலாம். சும்மா சுகத்துக்காகச் செல்வதற்கு இந்த விதிவிலக்கு பொருந்தாது. கணவன் மனைவிக்கிடையே இந்தத் தடைகள் இல்லை.

எண்ணெய் பூசிய உடலோடு உளூச் செய்யலாமா என்று கேட்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் இருந்து தண்ணீர் தோலில் பட்டால் உளூக் கூடும். மெழுகு போல் படிந்து தண்ணீரைத் தடுக்கும் களிம்பையும் பற்றையும் அகற்ற வேண்டும். கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் தோலில் தொட்டுப் பிடித்துவிட்டால் ஷாஃபிஈ மத்ஹபில் உளூ முறியும். ஹனஃபி மத்ஹபில் முறியாது. நோன்பு வைத்துக்கொண்டு உடலில் எண்ணெய் தேய்ப்பதால் நோன்பு முறியாது. மூக்கில் சொட்டு விடுவதன் சட்டம் வேறு. தனிப்பட்ட நிலைமைகளுக்கு உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிவாக

பெற்றோருக்குப் பணம் அனுப்பும் பிள்ளைகள் இன்று நிறைய உண்டு. அருகில் அமர்ந்து கால் மணி நேரம் அவர்கள் பாதத்தைப் பிடித்துவிடப் பலருக்கு நேரமில்லை. அந்தக் கால் மணி நேரத்தில் அவர்களின் வலி தணியும், மனம் திறந்து பேசுவார்கள், அவர்கள் சொல்லாமல் மறைத்த புண்ணும் வீக்கமும் உங்கள் கண்ணில் படும். மேலே சொன்ன ஏழு எச்சரிக்கைகளையும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி ஒரு தாளில் எழுதி ஒட்டி வையுங்கள். அவற்றுக்கு உட்பட்டு, இன்றிரவே உங்கள் உம்மாவின் கால்மாட்டில் போய் உட்காருங்கள். எல்லோருக்கும் அல்லாஹ் பூரண ஆரோக்கியத்தைத் தருவானாக.